அக்கா கொழும்புக்குப் பறந்த காலை

என் அக்காவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. களுவாஞ்சிக்குடியில் ஏறினால், கல்லடி வருவதற்குள் முகம் வெளிறி, கையில் இருக்கும் தேசிக்காயை முகரத் தொடங்கிவிடுவாள். கொழும்புக்கோ முழுதாக ஓர் இரவுப் பயணம். மகள் கலியாணம் முடித்து அங்கே குடியிருந்தும் அக்கா ஒருமுறைகூடப் போனதில்லை; மகள்தான் வந்து போவாள்.

சென்ற ஆண்டு அந்த மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அக்கா போனில் படத்தைப் பார்ப்பாள், அழுவாள், திரும்பவும் பார்ப்பாள். பொறுக்க முடியாமல், மட்டக்களப்பிலிருந்து போகும் சிறிய விமானத்தில் எங்கள் இருவருக்கும் இடம் எடுத்தேன்.

"எவ்வளவு நேரம் புள்ள?" என்று கேட்டாள் அக்கா.

"ஒரு மணித்தியாலம் வரும்."

"பொய் சொல்லாத. பஸ்ஸில போனா விடிஞ்சிரும்."

காலையில் அத்தான் எங்களை ஓட்டோவில் கொண்டுவந்து விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, மீன் வாங்கச் சந்தைக்குப் போனார். உள்ளே பைகளை எடை பார்த்த பிறகு, எங்களையும் தராசில் ஏறச் சொன்னார்கள்.

"நான் என்ன நெல்லு மூட்டையா?" என்றாள் அக்கா.

"சின்ன பிளேன் அம்மா, எல்லாரையும் நிறுக்க வேணும்" என்றார் அங்கே நின்ற அலுவலர்.

அக்கா செருப்பைக் கழற்றினாள். கைப்பையை என்னிடம் தந்தாள். யோசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியையும் கழற்றித் தந்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

விமானம் கிளம்பியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். அது ஒரு பக்கம் சரிந்து திரும்பியதும் நான்தான் அவளைத் தட்டினேன். கீழே வாவி வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது.

"அந்தா பாலம்! இவ்வளவு பெரிசா புள்ள எங்கட வாவி?" இயந்திர இரைச்சலையும் மீறிக் கத்தினாள். பச்சை வயல்கள் வந்தபோது ஜன்னல் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டாள். "அது வெல்லாவெளி வட்டையாத்தான் இரிக்கும். அத்தான்ட வயலும் அதுக்குள்ளதான்."

வயிற்றைப் புரட்டும் என்று அவள் காத்திருந்தது வரவேயில்லை. மலைகளும் மேகங்களும் கடந்து விமானம் தரை இறங்கியது.

"இதென்ன, தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டுறாங்களா?"

"கொழும்பு வந்திட்டம் அக்கா."

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அக்கா நம்பவில்லை. வெளியே வந்ததும் அத்தானுக்குப் போன் எடுத்தாள்.

"நான் இன்னும் சந்தையில நிக்கிறன். ஏன், பிளேன் வரல்லையா?" என்றார் அத்தான்.

"நாங்க கொழும்பில நிக்கிறம். நீங்க மீனை வாங்கிட்டு ஆறுதலா வீட்ட போங்க!"

நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, இவ்வளவு வேளைக்கு எதிர்பார்க்காத மகள் ஈரத்தலையில் துவாயோடு வந்து கதவைத் திறந்தாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கினாள்.

"இவ்வளவு கிட்டத்திலதானா இருந்திரிக்காய், எண்ட தங்கம்?" என்றாள். மகளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

சில நாட்களில் நான் பஸ்ஸில் திரும்பினேன். அக்கா ஒரு மாதம் அங்கேயே இருந்தாள். பிறகு துணைக்கு யாரும் வேண்டாம் என்று சொல்லி, தனியாகப் பறந்து வந்து இறங்கினாள்.