வெற்றிலை எடுத்த வங்கி

1. கையெழுத்து

பூங்காவனம் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு பேனாவைத் தொடவே மாட்டேன் என்றார். நான் நீட்டிய தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. என் கடன் விண்ணப்பத்தை வேறு வங்கிக் கிளைக்கு மாற்றித் தரவும் என்று. கீழே கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் மாவட்டத் தொழில் மையத்தில் இருந்தேன். சிறு தொழில் தொடங்க மானியத்தோடு கடன் கேட்டு வருகிறவர்களின் விண்ணப்பத்தைச் சரிபார்த்து, நேர்காணல் முடிந்ததும் அவரவர் குறிப்பிட்ட வங்கிக் கிளைக்கு அனுப்புவது என் வேலை. இதில் ஒரு குழப்பம் பலருக்கும் உண்டு. கடனை அரசாங்கம் கொடுப்பதில்லை. மானியம் அரசாங்கத்தினுடையது. கடன் திரும்பி வராமல் போனால் வங்கிக்கு ஒரு பங்கை ஈடுகட்டும் உத்தரவாதமும் அரசாங்கத்தினுடையது. பணம் மட்டும் வங்கியினுடையது, கொடுப்பதா வேண்டாமா என்பது அந்தக் கிளை மேனேஜர் கையில். ஆகவே எந்தக் கிளை என்று எழுதுகிற அந்த ஒரு கட்டம்தான் விண்ணப்பத்தில் முக்கியமானது. நம் ஆட்கள் அதைத்தான் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பார்கள், ஏசி போட்டிருக்கிறது என்பார்கள், மச்சான் அங்கேதான் நகை வைத்திருக்கிறான் என்பார்கள். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆட்கள், கடன் வாங்கும்போது கட்டடத்தைப் பார்த்துவிட்டு எழுதிவிடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

பூங்காவனத்துக்குக் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஓர் ஊர். நாற்பது வயதிருக்கும். சாமைக்கு உமி நீக்கும் மில் ஒன்று போடுவதற்காகக் கடன் கேட்டிருந்தார். மலையில் விளைகிற சாமையை வியாபாரிகள் உமியோடு மூட்டை மூட்டையாகக் கீழே கொண்டுபோய்விடுவார்கள். அதுவே அரிசியாகிக் கடைக்கு வரும்போது விலை எங்கேயோ இருக்கும். மில் மலையிலேயே இருந்தால் அந்த லாபம் மலையிலேயே தங்கும். அந்த வருஷ அறுப்பை வியாபாரிக்குப் போடாமல் அவருக்காக வைத்திருப்பதாக ஊர்க்காரர்களும் சொல்லியிருந்தார்கள்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை நேர்காணல் அன்றே என்னிடம் சொல்லிவிட்டார். அவர் கணவர் முருகேசனை ஆந்திராவுக்கு மரம் வெட்ட வரச்சொல்லி ஒரு மேஸ்திரி வீட்டுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தான். என்ன மரம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதைக் கேட்க வேண்டியதில்லை, செம்மரம்தான். போனவர்களில் சிலர் பணத்தோடு வந்தார்கள், சிலர் ஜெயிலில் கிடந்தார்கள், சிலர் வரவே இல்லை.

"மிஷினு வந்துட்டா அவுரு போவமாட்டாருங்க சார். வூட்லயே வேலை இருக்குதுன்னா எதுக்குப் போறாரு? அறுப்புக்குள்ள வந்துடணும், அவ்ளோதான்" என்றார்.

விண்ணப்பம் போய் மாதங்கள் ஓடிவிட்டன. கார்த்திகையும் வந்துவிட்டது. வங்கியிலிருந்து சாங்ஷனும் வரவில்லை, நிராகரிக்கப்பட்டு விண்ணப்பம் திரும்பியும் வரவில்லை. அதனால்தான் கிளையை மாற்றச் சொன்னேன். அவர் மாட்டேன் என்கிறார்.

2. தட்டு

அவர் எழுதிக் கொடுத்திருந்தது கள்ளக்குறிச்சியில் ஒரு பெரிய கிளை. அந்த மலை ஊர் அந்தக் கிளையின் சர்வீஸ் ஏரியாவிலேயே கிடையாது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிளை என்று பிரித்து வைத்திருப்பார்கள். அவர் ஊருக்கு உரியது மலையடிவாரத்தில் இருக்கும் சின்னக் கிளை. நேர்காணலிலேயே இதை எடுத்துச் சொன்னேன். இல்லை சார், அங்கே பேசி முடித்துவிட்டேன் என்றார். என்ன பேசினார் என்பதைப் பேனாவைத் தொட மறுத்த அன்றுதான் விவரமாகச் சொன்னார்.

முதல் தடவை அந்த வங்கிக்குப் போனபோது ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் ஒரு பாட்டில் மலைத்தேனும் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். மேனேஜர் தேனை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, தட்டிலிருந்து வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது என்பது பூங்காவனத்தின் கணக்கு.

"வேணாம்னா தொடக்கூடாதுங்க சார். தொடாம வுட்டா நாங்க கோச்சிக்கமாட்டோம். தட்ட எடுத்துக்கினு வேற வூட்டுக்குப் போவோம். அவுரு எடுத்துக்கினாரு. நான் இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு இன்னொரு எடத்துக்குப் போறது?"

"ஏம்மா, இது என்ன கல்யாணமா?" என்று சத்தம் போட்டேன். அவர் சிரிக்கவில்லை. கல்யாணமோ நிலமோ கூலியோ, அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் அதே தட்டுதான்.

அன்று மத்தியானமே அந்த மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. விஷயத்தைச் சொன்னதும் பதறிவிட்டார். அந்த அம்மா மனசு நோகக் கூடாதே என்றுதான் வெற்றிலையை எடுத்தேன் என்றார். கடன் ஏன் நகரவில்லை என்று கேட்டேன். ஏரியா வேறே, மலை ஏறி இன்ஸ்பெக்ஷன் போக ஆள் இல்லை, மலை நிலத்தை அடமானம் வாங்க முடியாது என்று வரிசையாகச் சொன்னார். இந்தத் தொகைக்குச் சொத்து ஜாமீன் கேட்கவே கூடாது, அதற்குத்தானே அரசு உத்தரவாதம் என்றேன். அது தெரியும் சார், ஆனால் மேலே கேட்பார்களே என்றார்.

"அப்போ முடியாதுன்னு எழுதித் திருப்பிடுங்களேன். நான் வேற பக்கம் அனுப்பறேன்."

"எப்படி சார் சொல்றது? அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து நிக்கறாங்க. பாக்கவே பாவமா இருக்குது. இருக்கட்டும், எதாவது வழி வருதான்னு பாக்கறேன்."

பூங்காவனம் போகும்போதெல்லாம் அவர் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார், மலையில் மழை எப்படி என்று விசாரித்தார். முடியாது என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நான் சொன்னால் பூங்காவனம் கேட்கவில்லை, வெற்றிலை எடுத்தவர் வாயாலேயே வரட்டும் என்றார். சிடுமூஞ்சி மேனேஜர் ஒருவர் அங்கே இருந்து முதல் நாளே விரட்டியிருந்தால் பூங்காவனம் பிழைத்திருப்பார் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

மார்கழி முழுக்க ஊர் காத்திருந்தது. பொங்கல் செலவு வந்ததும் ஒவ்வொருவராகச் சாமையை வியாபாரிக்கே போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, எத்தனை நாளைக்குத்தான் மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? தை கடைசியில் முருகேசனும் மேஸ்திரியோடு கிளம்பிப் போய்விட்டார்.

3. இரண்டாவது கிளை

மறுபடி பூங்காவனம் என் அலுவலகத்துக்கு வந்தபோது வெயில் காலம். அவரே பேனாவை எடுத்துக்கொண்டார்.

"எங்க சார் போடணும்? அந்த மேனேஜரு மாத்தலாயிப் போய்ட்டாரு. வேற ஒருத்தரு குந்திக்கினு இருக்காரு. வெத்தலைய எடுத்த ஆளே போய்ட்டாரு, இனிமே ஒண்ணும் இல்ல."

கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் மற்றதைச் சொன்னார். ஆந்திராவில் காட்டுக்குள் முருகேசனைப் பிடித்துவிட்டார்களாம். உயிரோடு இருக்கிறார், ஜெயிலில் இருக்கிறார் என்பது வரைக்கும் தகவல் வந்திருக்கிறது. டீ சொல்லலாமா என்று நினைத்தேன். அந்த மேனேஜர் வாங்கிக் கொடுத்த டீ ஞாபகம் வந்தது, சொல்லவில்லை.

மலையடிவாரக் கிளைக்கு நானே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். நடந்ததையெல்லாம் போனில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அந்தக் கிளையின் மேனேஜர் ஒரு பெண், ஐம்பதை நெருங்கியவர், முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. பூங்காவனம் வழக்கம்போலத் தட்டை மேஜையில் வைத்தார். மேனேஜர் அதைக் கையால் தொடாமல் ஒரு ஃபைலால் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

பிறகு கேட்க ஆரம்பித்தார். மூணு பேஸ் கரண்ட் இருக்கிறதா, மிஷின் ரிப்பேரானால் யார் வந்து பார்ப்பது, சாமை இல்லாத மாதத்தில் மில்லில் என்ன ஓட்டுவாய், கேழ்வரகு அரைக்க முடியுமா. பூங்காவனம் சிலதற்குப் பதில் சொன்னார், சிலதற்கு முழித்தார். கொட்டேஷனைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய மிஷின் உன் ஊருக்கு எதற்கு, விற்கிறவன் தலையில் கட்டப் பார்க்கிறான், சின்ன மிஷினுக்கு வேறே கொட்டேஷன் வாங்கி வா என்றார். கேட்ட தொகை வராது, கம்மிதான் என்றும் சொன்னார். ஜாமீன் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"நான் மலைக்கு வந்து எடத்தப் பாக்கணும்மா. ஆவும்னா இந்த வெத்தலைய அங்கியே எடுத்துக்கறேன். ஆவாதுன்னா அங்கியே சொல்லிட்டுக் கீழ எறங்கிடுவேன். சரியா?"

பூங்காவனத்தின் முகம் தெளிந்ததை அன்றுதான் பார்த்தேன். கடன் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இருந்தும் தெளிந்தது.

அந்த வாரமே மேனேஜர் மலை பஸ் ஏறிப் போனார். இடத்தைப் பார்த்தார், ஊரில் நாலு வீட்டில் விசாரித்தார். மாதாமாதம் சமமாகக் கட்டச் சொன்னால் அந்த ஊரில் யாராலும் கட்ட முடியாது என்று அங்கேதான் அவருக்குப் பட்டிருக்கிறது. அறுப்பு மாதங்களில் தவணை ஜாஸ்தி, மற்ற மாதங்களில் வட்டி மட்டும் என்று மாற்றிப் போட்டார். திரும்புவதற்கு முன்னால் தட்டைக் கொண்டுவரச் சொல்லி வெற்றிலையை எடுத்துக்கொண்டார். சாங்ஷன் தாள் வர அதிக நாளாகவில்லை.

4. திறப்பு

அடுத்த அறுப்புக்கு மில் ஓடியது. தகரக் கொட்டகை, உள்ளே சின்ன மிஷின், வாசலில் ஊரே மூட்டையோடு நின்றது. முருகேசன் மட்டும் இல்லை. கேஸ் வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. முதல் சாமை அரிசி வெள்ளையாகக் கொட்டியபோது பூங்காவனம் அதைக் கையில் அள்ளிப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. "போன வருசமே இது கொட்டியிருந்தா வூட்ல இருந்திருப்பாரு" என்று மட்டும் சொன்னார்.

பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எல்லாரிடமும் வந்தார். மேனேஜர் அம்மா எடுத்துக்கொண்டார். தட்டு என் முன்னால் வந்தபோது எனக்குக் கை நீளவில்லை. அந்தத் தட்டில் கை வைப்பது என்றால் என்ன என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

"எடுங்க சார்" என்றார். "எடுத்தா ஒண்ணு செய்யணும். இந்த மலையில இருந்து இனிமே யாரு உங்களாண்ட வந்தாலும், ஆவாதுன்னா அன்னிக்கே ஆவாதுன்னு சொல்லிடணும். பாவம் பாக்காதீங்க."

எடுத்துக்கொண்டேன்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். எந்த பேங்க் நல்ல பேங்க் என்று இளைஞர்கள் இன்றும் கேட்கிறார்கள். உன் ஊர் எந்தக் கிளையின் சர்வீஸ் ஏரியா என்று முதலில் தெரிந்துகொள். உன் இடத்தை வந்து பார்க்கிற மேனேஜரா என்று பார். உன் வருமானம் எந்த மாதத்தில் வருகிறது என்று கேட்கிறாரா என்று பார். முதல் நாளே நாலு குறை சொன்னால் அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடாதே. டீ மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் எழுந்து வந்துவிடு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மலையிலிருந்து வருகிறவர்கள் என் வீட்டு வாசலுக்கும் வருகிறார்கள். ஆகாது என்றால் அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுகிறேன். ரொம்பக் கறாரான ஆள் என்று பேர் வந்துவிட்டது, கோபித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. போகட்டும். நான் அந்தத் தட்டில் வெற்றிலை எடுத்தவன். முருகேசன் இன்னும் மலைக்கு வந்து சேரவில்லை.