நந்திக்கு அடியில் செல் நம்பர்

கடலைப் பார்க்காமலே கப்பலில் சரக்கு ஏற்றுகிற தொழில் எங்களுடையது. மறைமலைநகரில் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர். சரக்குக்காரர்களின் காகிதங்களைத் தயார் செய்து சுங்கத்துறையிடம் கொடுப்போம். லைசென்ஸ் என் முதலாளியுடையது. எனக்கென்று ஒன்று வாங்க எழுத்துத் தேர்வு, பிறகு வாய்மொழித் தேர்வு. எழுத்தில் தேறி இரண்டு வருடத்துக்குள் வாய்மொழியில் தேறாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அந்தத் தடிப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்கிய சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது.

ஏர்போர்ட்டில் ஆள்

நான் கஸ்டம்ஸ் தேர்வு எழுதுவதை அம்மா அணுபுரம் பஸ்ஸில் யாரிடமோ சொல்லிவிட்டார். மறுநாளே பக்கத்து வீட்டு குமார் அண்ணன் வந்துவிட்டார். அவர் மச்சான் துபாயிலிருந்து பெரிய டிவி கொண்டு வருகிறாராம், வரியில்லாமல் நான் வெளியே விடச் சொல்ல வேண்டுமாம். அதிகாரி வேறு, சரக்குக்காரருக்காக அதிகாரி முன்னால் போய் நிற்கிற தரகர் வேறு என்று அரை மணி நேரம் விளக்கினேன். காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு அண்ணன் சொன்னார்: "அப்போ நீ கஸ்டம்ஸே இல்லியா, கஸ்டம்ஸ கண்டு பயப்படுற ஆளா? இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

ஒரு போல்ட்

முதல் வாய்மொழித் தேர்வில் ஓர் அதிகாரி மேஜைமேல் ஒரு போல்ட்டை வைத்து, வரி அட்டவணையில் எத்தனையாவது அத்தியாயம் என்றார். நான் தினமும் கார் பாகங்களோடு குடித்தனம் நடத்துகிறவள். யோசிக்காமல், "வண்டிப் பாகம் சார், எண்பத்தேழு" என்றேன். எந்த வண்டியில் மாட்டினாலும் சாதா போல்ட் இரும்புச் சாமான்தான், எழுபத்து மூன்று. எழுத்துத் தேர்வில் நானே சரியாக எழுதிய பதில் அது. அவர் கோபப்படவே இல்லை: "ஒரு போல்ட்டதாம்மா வெச்சேன், நீ காரையே ஓட்டிட்டு வந்துட்டே."

காது உடைந்த நந்தி

கடைசி வாய்ப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மாமல்லபுரம் சிற்பி தனசேகர் அண்ணனின் கல் நந்தி ஜெர்மனிக்குக் கிளம்பியது. புதுச் சிலைக்கும் 'இது தொல்பொருள் அல்ல' என்று போட்டோ ஒட்டிய சான்றிதழ் வேண்டும். அதை வாங்கியாயிற்று. பெட்டியில் வைக்குமுன் நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்க வேண்டும். படிக்கிற சாக்கில் போகாமலே, பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

துறைமுகக் கிடங்கில் பெட்டியைத் திறந்த அதிகாரி போட்டோவைப் பார்த்தார், நந்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போட்டோவில் பளபளவென்று கருப்பு நந்தி. பெட்டியில் பழுப்பேறி, ஒரு காது உடைந்த நந்தி. சிலைக் கடத்தல் வழக்கென்று வந்தால் லைசென்ஸை நான் மறந்துவிடலாம். தனசேகர் அண்ணனைப் போனில் பிடித்தேன். "அந்த ஜெர்மன்காரன் தோட்டத்துல வெக்க பழசு மாதிரி கேட்டான்மா. டிக்காஷன்ல செம்மண்ணக் கொழச்சித் தேச்சி, காதுல லேசா ஒரு தட்டு தட்டினேன். சோக்கா வந்துகீது."

அவரே முட்டுக்காடு வழியாக பைக்கில் பறந்து வந்து, நந்தியைச் சாய்க்கச் சொன்னார். அடியில் சிவப்பு பெயின்ட்டில் குவாரிக்காரர் எழுதிய கல் அளவும், அண்ணனின் செல் நம்பரும். அதிகாரி அந்த நம்பருக்கு அடித்தார். அண்ணனின் சட்டைப்பையில் மணி ஒலித்தது. புதுப் போட்டோ, புதுச் சான்றிதழ் என்று மூன்று வாரம் இழுத்து, நந்தி கப்பலேறியது. அண்ணனுக்குத்தான் மனசு ஆறவில்லை: "சுமாரா செஞ்சா புதுசுன்னு வுட்றாங்க, நல்லா செஞ்சா திருடன்னு புடிக்கிறாங்க. இன்னா தொழிலும்மா இது?"

கடைசி வாய்ப்பு

இந்த முறை ஓர் அம்மையார். சான்றிதழ் வந்த பிறகு தரகரின் கடமை என்ன, எந்த விதி என்று கேட்டார். விதி எண்ணைத் தப்பாகச் சொன்னேன். பயத்தில் வாய் நிற்கவில்லை. பார்க்காமல் போட்ட கையெழுத்தையும் டிக்காஷனையும் காதையும் கொட்டிவிட்டேன். கொட்டிய பிறகுதான், என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது புரிந்தது. அழுகை வந்துவிட்டது. அவர் மதிப்பெண் தாளில் எதையோ எழுதிக்கொண்டே சொன்னார்: "விதி நம்பர் தப்பும்மா. ஆனா நீ அடி வாங்கினது சரியான விதிகிட்டதான். தண்ணி குடி, தேறிட்டே."

ஆக, இத்தனை பாடுபட்டு நான் வாங்கியது என்னவென்றால், இதுவரை முதலாளி பேரில் செய்த தப்பையெல்லாம் இனி என் சொந்தப் பேரிலேயே செய்து கொள்ளலாம் என்கிற அனுமதி.