ஜூலியா சொன்ன காற்று

மன்னாரின் கீரிக் கடற்கரையில் ஜூலியாவைத் தெரியாத ஆள் கிடையாது. அப்படி ஒரு பெண் உலகத்தில் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஜூலியா என்பது கணக்கும் விஞ்ஞானமும் பார்க்கிறவர்கள் பாவிக்கிற ஒரு கணினி மொழி. அந்தக் கரையில் மீன்பிடிக்கிற டொமினிக்கின் ஒரே மகள் டிலோஜினி அதைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தாள். பெயரைக் கேட்ட அன்றைக்கே டொமினிக்குக்குக் கொண்டாட்டம்.

"வேறை பேர் கிடைக்கேல்லையோ அவங்களுக்கு? என்ர பெரியம்மாவின்ர பேரையெல்லோ வைச்சிருக்கிறாங்கள்" என்று கரையிலுள்ள மீனவர் கொட்டில்களில் வாடி வாடியாகச் சொல்லித் திரிந்தார். அந்தப் பெரியம்மா வாய்க்காரி. அதனால் பகிடி ஊரில் நன்றாக ஒட்டிக்கொண்டது.

படித்த பிள்ளைக்கு மன்னார் நகரத்தில் ஒரு வேலையும் கிடைத்தது. மீனவர் பாதுகாப்புத் திட்டம் ஒன்று. ஓர் அறை, ஒரு கணினி, இரண்டு கதிரை. மேலாளர் கிருஷாந்தன் கொழும்பில் இருந்தார். டிலோஜினி எழுதிய நிரல் ஒவ்வொரு விடியலிலும் இணையம் வழியாக வெளிநாட்டு வானிலைச் சேவை ஒன்றின் வாசலுக்குப் போய்க் கேட்கும்: கீரியில் இன்றைக்குக் காற்று எப்படி? அங்கிருந்து முதலில் ஓர் எண் வரும். இருநூறு என்றால் கேட்டது கிடைத்துவிட்டது. வேறு எண் என்றால் ஏதோ கோளாறு, கைவிரித்துவிட்டார்கள். கிடைத்த பதிலில் காற்றின் வேகத்தை மட்டும் பொறுக்கி, தமிழில் ஒரு வசனமாக்கி, ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் காரியங்களைப் பார்க்கிற மூப்பரின் போனுக்கு அனுப்பிவிடும். மூப்பர் காலை மணி அடித்து, செபம் சொல்லி முடிந்ததும், மரண அறிவித்தலுக்கு முன்னால் அதை ஒலிபெருக்கியில் வாசிப்பார். பெண்கள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்பார்கள். "ஜூலியா என்னவாம்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆண்கள் படகு இஞ்சினைத் தோளில் ஏற்றுவார்கள்.

ஆரம்பத்தில் அவள் நிரலை நேர்மையாகத்தான் எழுதியிருந்தாள். பதில் வராத நாளில் "இன்றைய காற்றைப் பற்றித் தெரியாது" என்று செய்தி போகும். அப்படி ஒருமுறை போனதும் மூப்பர் வீடு தேடி வந்துவிட்டார்.

"பிள்ளை, குறை நினையாதை. கோயில் ஸ்பீக்கரிலை நிண்டு 'தெரியாது' எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? சுவாமி பிரசங்கத்திலை தெரியாது எண்டு சொல்லுவாரோ? பக்கத்தூர் பேசாலையில கேட்டால் சிரிப்பாங்கள்."

அவர் சொன்னதில் பகிடி இல்லை. அந்த ஊரில் கோயில் ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து வருவது பூசை நேரமாக இருக்கும், திருநாள் அறிவித்தலாக இருக்கும், இன்னார் இறந்தார் என்பதாக இருக்கும். எல்லாமே உறுதியானவை. 'தெரியாது' என்ற சொல் அதற்குள் நுழைந்ததே இல்லை.

அதே கிழமை கிருஷாந்தனும் கொழும்பிலிருந்து போன் எடுத்தார். "டிலோஜினி, கிராஃபிலை ஓட்டை விழுந்திருக்கு. காசு தாறவைக்கு ஓட்டை பிடிக்காது. பதில் வராட்டி முதல்நாள் பதிலைப் போட்டு நிரப்பிவிடுங்கோ. ஒரு நாளிலை காத்து என்ன தலைகீழாவே மாறப்போகுது?"

கடற்கரையில் பிறந்தவள் அதற்கு என்ன மறுமொழி சொல்லியிருக்க வேண்டும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவள் "ஓம் சேர்" என்றாள். வேலை புதிது. கோயிலும் கொழும்பும் ஒரே பக்கம் நின்றால் இடையில் நிற்கிற பெட்டைக்கு என்ன குரல் இருக்கிறது? பதில் வராவிட்டால் கடைசியாக வந்த பதிலையே எடு என்று இரண்டு வரி சேர்த்தாள். மூப்பருக்கும் சந்தோசம், கொழும்புக்கும் சந்தோசம்.

வாடைக் காற்றுக் காலம் வந்தது. இடையில் ஒருநாள் கடல் அடங்கிக் கிடந்தது; ஜூலியாவும் 'காற்று மெதுவாக இருக்கும்' என்று சரியாகவே சொன்னாள். அன்றைக்குத்தான் கொழும்பு விடுதி ஒன்றில் திட்டத்தைக் காட்ட விருந்தினரைக் கூட்டியிருந்தார் கிருஷாந்தன். வந்தவர்கள் ஆளுக்கு ஆள் பொத்தானை அமத்தி, கீரியில் காற்று எப்படி, கீரியில் காற்று எப்படி என்று பொழுதுபடும்வரை கேட்டு விளையாடினார்கள். அந்த வானிலைச் சேவை இலவசம். அளவுக்கு மிஞ்சிக் கேட்டால் கதவைச் சாத்திவிடும். சாத்திவிட்டது.

மறுநாள் விடியலில் நிரல் வழக்கம்போல வாசலுக்குப் போனது. நானூற்று இருபத்தொன்பது என்ற எண் வந்தது. கேட்டது போதும், பிறகு வா என்று அதற்கு அர்த்தம். நிரல் திரும்பி வந்து, முதல்நாள் பதிலை எடுத்து அனுப்பியது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது. டிலோஜினி அப்போது ஒரு கூட்டத்துக்காக வெள்ளாங்குளம் போகிற பஸ்ஸில் இருந்தாள்.

கரையில் நடந்ததை டொமினிக்கோடு ஒரே படகில் போன றெனால்ட் பிறகு சொன்னான். வடக்கே வானம் கறுத்துக் கிடந்தது. அதைப் பார்க்கக் கண் இருந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். சிலர் படகைத் தள்ளாமல் யோசித்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணை, ஒருக்கா நிண்டு பாப்பம்" என்றிருக்கிறான் றெனால்ட்.

"காத்து மெதுவாம் எண்டு ஜூலியா சொல்லிப்போட்டா. எல்லாரும் கேட்டவங்கள். இப்ப நானே நிண்டால் என்ர பிள்ளையை ஆர் நம்புவான்?" என்று சொல்லி, டொமினிக் முதல் ஆளாகப் படகைத் தள்ளினார்.

காற்றில் படகு கவிழ்ந்து, றெனால்ட் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்துத் தப்பி வந்தான். டொமினிக்கின் உடல் பேசாலைப் பக்கம் ஒதுங்கியது. அவருடைய பெயரையும் அதே குழாயில் மூப்பர்தான் வாசித்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த விசயத்தில் ஊர் தானாகவே வாயை மூடிக்கொண்டது. ஒருவரும் டிலோஜினியை ஒரு சொல் சொல்லவில்லை. "ஆண்டவற்ற சித்தம் பிள்ளை" என்றார்கள். யாராவது ஒருத்தி மண்ணை அள்ளித் தூற்றியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கிருஷாந்தன் மலர்வளையத்தோடு வந்து, கையைப் பிடித்து, "ஒருத்தரும் எங்களைப் பிழை சொல்லேல்லை, கவலைப்படாதேங்கோ" என்றார். அந்த வருட அறிக்கையில் 'ஒருநாளும் தடைப்படாத சேவை' என்று போட்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதைத்தான். சோறும் அவளுடையது, மறைத்த கையும் அவளுடையது.

தாய் அன்ரோனெற்றிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த இரண்டு வரியையும், கொழும்பு விருந்தையும், 'ஓம் சேர்' என்றதையும். அன்ரோனெற் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்டபடியே கடைசி மீனையும் வெட்டி முடித்தாள்.

டிலோஜினி யாரிடமும் கேட்காமல் அந்த இரண்டு வரியையும் அழித்தாள். வேலை போனால் போகட்டும் என்றிருந்தாள். மூப்பரிடம் போய், "இனி வாறதை வந்தபடி வாசியுங்கோ. உங்களுக்கு ஏலாது எண்டால் நான் வந்து வாசிக்கிறன்" என்றாள். மூப்பர் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார்.

வாடை முடிகிற நேரத்தில் ஒருநாள் பதில் வரவில்லை. மணி அடித்தது, செபம் முடிந்தது, குழாய் கொஞ்ச நேரம் சும்மா இரைந்தது. பிறகு மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "இன்றைய காற்றைப் பற்றித் தெரியாது."

டொமினிக் போன பிறகு அப்படி ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு யார் கடலுக்குப் போவான்? ஒரு படகும் இறங்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரிக் கிடந்தது. ஓர் இலைகூட ஆடவில்லை. வெயில் ஏற ஏறக் கரையில் நின்றவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. "தெரியாது எண்டு சொல்லவோ ஒரு மெசின்? எங்கட பிழைப்பிலை மண்ணைப் போட்டுட்டாள்" என்று வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கத்தக்கதாகவே ஏசினார்கள். றெனால்டின் குரலும் அதற்குள் இருந்தது.

டிலோஜினி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்ரோனெற் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அண்டைக்கும் இதைச் சொல்லியிருந்தியெண்டால்" என்றாள், "உன்ர அப்பரும் இப்ப அவங்களோட நிண்டு உன்னை ஏசிக்கொண்டிருப்பார்."