கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு

சந்திரகலாவை நான் ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை. அவரும் யாரையும் நம்பியதில்லை. அதனால்தான் அவர் டெல்லிக்குப் போனார். நான் இன்னும் முல்லா வீதியில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

2006-இல் எங்கள் யூனியன் பிரதேசத்தில் முப்பத்தெட்டு ஆண்டு கழித்து நகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதால் கட்சிக்காரர் புருஷோத்தமன் தன் மனைவி சந்திரகலாவை நிறுத்தி ஜெயிக்கவைத்தார். மறுவாரமே லெட்டர்பேடில் நூறு வெற்றுத் தாள்களில் அவரிடம் கையெழுத்து வாங்கி என் கடையில் வைத்தார். சிபாரிசு வேண்டியவர்கள் புருஷோத்தமனைக் கவனிப்பார்கள்; அவர் சொல்வதை நான் டைப் அடித்துக் கொடுப்பேன்.

ஒருநாள் சந்திரகலா தனியாகக் கடைக்கு வந்தார். தான் படித்துப் பார்த்துப் போடும் கையெழுத்துக்குக் கீழே சாய்வாக ஒரு கோடு இருக்கும் என்றும், கோடில்லாத கடிதத்தைக் குப்பையில் போடும்படி அதிகாரிகளிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். நியாயமான ஆளாக இருந்தால் நேரே தன்னிடம் அனுப்பச் சொன்னார்.

“இது ஒங்களுக்கும் எனக்கும்தான் பாய். அவருக்குத் தெரியக் கூடாது.”

அப்போதே எனக்கு எங்கேயோ உதைத்தது. கட்டிய புருஷனையே நம்பாதவர் என்னை எதற்கு நம்புகிறார்?

புருஷோத்தமனின் கடிதத்தால் எதுவும் நடக்கவில்லை. அவர் அதிகாரிகளைத் திட்டித் தீர்த்தார். சந்திரகலாவின் கோட்டுக்குத் தெருவிளக்கு எரிந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. பேர் பரவியது. மகளிர் அணி, மாநிலப் பொறுப்பு, பிறகு டெல்லியில் அகில இந்தியச் செயலாளர். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று தெருவில் பேசினார்கள். அவர் அரசனையும் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். இன்றும் இங்குள்ள அலுவலகங்களில் அவர் கடிதம் வந்தால் முதலில் கோட்டைத்தான் தேடுகிறார்கள்.

என் மகள் நூரீன் அரசு நர்ஸ். வெகு தொலைவில், தெலுங்கு பேசும் ஏனாமுக்கு மாற்றிவிட்டார்கள். எட்டு மாதக் குழந்தை எங்களிடம் பால் டப்பாவோடு கிடக்கிறது. போன மாதம் சந்திரகலா ஊருக்கு வந்தபோது, மாறுதல் கேட்டு நானே டைப் அடித்த கடிதத்தோடு போனேன். குழந்தையின் பேரைக் கேட்டார். டீ கொடுத்தார். வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“நூரீன் வந்துடும் பாய். கவலப்படாதீங்க.”

வாசலில் வந்து பார்த்தேன். கோடு இல்லை. திரும்பிப் போய், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டேன்.

“கோடு போடலியேம்மா?”

“எந்தக் கோடு, பாய்?”

என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். சிரிப்புகூடக் குறையவில்லை.

கடைக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. இருபது வருஷ ரகசியத்தை ஒருவரிடமும் மூச்சு விடாமல் காத்ததற்கு இதுதானா கூலி? அவர் கையெழுத்துப் போடும் அதே நீல நிறத்தில் ஒரு பேனாவை எடுத்தேன். எத்தனை கோடு பார்த்த கண். சாய்வு பிசகாமல் வந்தது. புருஷோத்தமன்கூட இதைச் செய்ததில்லை. வெட்கமாக இருந்தது.

நூரீன் போன் செய்தாள்.

“கையெழுத்துப் போட்டாங்களா அத்தா?”

“போட்டாங்கம்மா,” என்றேன். “கோடும் அவங்களே போட்டுக் குடுத்தாங்க.”

“எந்தக் கோடு?” என்றாள் அவள்.