மூட்டையின் வாயில் நல்ல மிளகு

என் வீட்டுக்காரர் விமானத்தில் பயணம் செய்தது மொத்தம் இரண்டே தடவை. ஆனால் இருபத்திரண்டு வருடமாக விமானத்துக்கு அடியில் குனிந்து நிமிர்ந்தவர். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு நோட்டீஸ் வரும். ஒரு விமானம் இறங்கி மறுபடி கிளம்புவதற்குள் சக்கரம், பிரேக், எண்ணெய் என்று எல்லாவற்றையும் பார்த்து, 'போகலாம்' என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் நகராது. ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் கையெழுத்துக் கேட்டாலும் நாலு தடவை படித்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கொச்சியில் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகு தரம் பார்ப்பவள். அப்பா போடியிலிருந்து ஏலக்காய் மூட்டையோடு வந்து இங்கேயே தங்கிவிட்டார். நான் பிறந்தது, படித்தது, சண்டை போடக் கற்றது எல்லாம் இந்தத் தெருவில்தான். மலையாளம்தான் எனக்கு வேகமாக எழுத வரும். இருந்தும் இதைத் தமிழில் எழுதுவது, 'உன் புருஷனை ஏன் வேலையை விட்டுத் துரத்தினாங்க' என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கும் சொந்தக்காரர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். மூட்டையின் வாயைத் திறந்து காட்டும் மிளகை எந்த வியாபாரியும் நம்ப மாட்டார். எல்லோரிடமும் குத்தூசி இருக்கும். ஒரு சாண் நீள இரும்பு, நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு குழி. சாக்கின் அடிப்பக்கம் குத்தினால் உள்ளே இருக்கும் மிளகு அந்தக் குழி வழியாகக் கைக்கு வந்துவிடும். அதைத்தான் பார்ப்பார்கள். விற்கிறவர் கூடப்பிறந்த தம்பியாக இருந்தாலும் குத்தாமல் வாங்குவதில்லை, அதற்காகத் தம்பி கோபித்துக்கொள்வதும் இல்லை. குத்தாமல் வாங்கினால்தான் இவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள்.

அவருக்கு வினை வந்தது ஒரு பிரேக்கில். விமானத்தின் பிரேக்கில் சின்னதாக ஒரு பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாம். பிரேக் தேயத் தேய அது உள்ளே போகும். அன்றைக்கு வந்த விமானத்தில் பின் கண்ணுக்கே தெரியவில்லை. மாற்றச் சொன்னார். மேலதிகாரி, "ஒரு நாள்தானே, மும்பையில மாத்திக்குவாங்க, போடு கையெழுத்தை" என்றிருக்கிறார். இவர் போடவில்லை. இன்னொருவர் போட்டார். விமானம் பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தது. அதுதான் இவருக்குக் கெட்ட நேரம். மறுநாளிலிருந்து இவர் 'பயந்தாங்கொள்ளி'. ஒரு வாரத்தில், "வீட்ல இருங்க, கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அது நாடு முழுக்க விமானங்களைப் பற்றிக் கெட்ட சேதியாக வந்துகொண்டிருந்த சமயம். நாடாளுமன்றத்தில் விவாதம் என்றார்கள். இவர் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். முதலில் எல்லோரும் எழுந்து நின்று, விபத்தில் இறந்தவர்களுக்காக மௌனம் காத்தார்கள். அந்தச் சபையில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்து எழுந்தவர், தன்னுடைய விமானம் மூன்று மணி நேரம் தாமதமானதையும் அங்கே குடிக்கத் தண்ணீர்கூடத் தரவில்லை என்பதையும் கண்ணீர் வராத குறையாகச் சொன்னார். இன்னொருவர், விமானப் பாதுகாப்பு மிக முக்கியம், ஆகவே என் தொகுதிக்கு ஒரு விமான நிலையம் வேண்டும் என்றார். அந்த ஆகவே எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, மேஜையைத் தட்டினார்கள். யாருடைய ஆட்சியில் அதிக விமானம் கெட்டது என்று ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் அமைச்சர், பாதுகாப்பில் சமரசத்துக்கே இடமில்லை என்று எழுதி வைத்ததை வாசித்தார். உறுப்பினர்கள் குழு ஒன்று ஊர் ஊராகப் போய் நேரில் ஆராயும் என்றார்கள்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்," என்றேன்.

"நேர்ல வராங்கல்ல, பார்த்தா தெரியும்," என்றார் இவர்.

உடனே குழுவுக்குக் கடிதம் எழுதினார். பிரேக் படம், கம்பெனிக் காகிதங்களின் நகல்கள் எல்லாம் வைத்து ஒரு பச்சை ஃபைல். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. குழு கொச்சிக்கு வருகிறது, எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் அவருக்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை இவர் பத்து நாள் ஒத்திகை பார்த்தார். பிரேக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று ஒரு உருளைக்கிழங்கில் கிராம்பைக் குத்தி வைத்துக்கொண்டார். கிழங்கு பிரேக், கிராம்பு பின். கிராம்பை மெல்ல உள்ளே அழுத்திக்கொண்டே பேசுவார். குழம்புக்கு வைத்திருந்த கிழங்கெல்லாம் ஓட்டையாகிப் போனது. எனக்கு வாய்தான் திட்டியதே தவிர மனசு நிறைந்திருந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து தொடர்ச்சியாகப் பேச்சு வந்தது அப்போதுதான். அந்த வேலை திரும்பக் கிடைக்காவிட்டால் இந்த மனுஷன் உள்ளுக்குள்ளேயே உடைந்து போவார் என்று எனக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் எங்கள் முதலாளி ஒரு நாள் பரபரப்பாக வந்தார்.

"சேச்சி, வியாழக்கிழமை பார்லமென்ட்டுக்காரங்க நம்ம கடைக்கு வராங்க கேட்டோ. காலையில மீட்டிங், உச்சைக்கு மேல மட்டாஞ்சேரி. அரண்மனை பார்த்துட்டு நேரா இங்கதான்."

"விமானத்தை ஆராய வந்தவங்களுக்கு மிளகுக் கடையில என்ன சேட்டா வேலை?"

"அது அவங்க புரோகிராம்ல இருக்கு. 'உள்ளூர் மக்களோடு சந்திப்பு'ன்னு போட்டிருக்கு."

முன்கடையில் அப்போது கிடந்தது போன மழையில் ஈரம் பிடித்த ஒரே ஒரு பெரிய மூட்டை. பாதிக்கு மேல் பொக்கு மிளகு; விரலால் அழுத்தினால் பொடிந்து உள்ளே வெறும் காற்று. முதலாளி தலையைச் சொறிந்தார். "மேல மட்டும் நல்லதைப் போட்டு வைங்க சேச்சி. ஒரு நாள்தானே." நானும் கிடங்கிலிருந்து முதல் தரத்தில் இரண்டு படி கொண்டுவந்து, வாய் நிறையப் பரப்பி, கையால் தடவிக் கூம்பாக நிறுத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதையும் நன்றாகவே செய்தேன்.

வியாழக்கிழமை இவர் எட்டு மணிக்கே அந்த ஹோட்டலுக்குப் போய்விட்டார். வாசலில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். உள்ளே கம்பெனிக்காரர்கள் திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தார்களாம். படம் நீண்டுகொண்டே போய், சாப்பாட்டு நேரத்தில் கதவு திறந்தது. குழுவோடு வந்த அதிகாரி ஒருவர், டெல்லியில் முடி நரைத்த தமிழர், இவரிடம் வந்து, "நேரம் இல்லைங்க. எழுத்து மூலமாக் குடுத்துடுங்க," என்றார்.

"எழுத்து மூலமாக் குடுத்ததனாலதான் சார் என்னைக் கூப்பிட்டீங்க."

"அப்படின்னா இன்னொரு காப்பி குடுங்க."

இவர் கொடுக்காமல் போட் ஏறி மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டார். கடைக்குள் வந்து பச்சை ஃபைலோடு என் பக்கத்தில் நின்றபோது முகம் கறுத்திருந்தது. "இருங்க. இங்க வரட்டும், நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

வந்தார்கள். ஒன்பது உறுப்பினர்கள், அவர்களைப் படம் பிடிக்க அதைவிட அதிக ஆட்கள். குழுத் தலைவருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது, அந்த அதிகாரிதான் மொழிபெயர்த்தார். தலைவர் நேராக அந்த மூட்டையின் முன்னால் போய் நின்று, வாயில் கூம்பாக இருந்த மிளகைப் பார்த்துத் தலையாட்டினார். அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஊரிலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் இருபத்தாறு வருடப் பழக்கம் என் நாக்கில் உட்கார்ந்திருந்தது. ஒருவர் மூட்டையின் வாயைப் பார்த்துத் தலையாட்டினால் என்னால் சும்மா இருக்க முடியாது.

"வாயைப் பார்க்காதீங்க ஐயா. அடியில குத்திப் பாருங்க," என்று குத்தூசியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன்.

முதலாளியின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆனால் அதிகாரி அதற்குள் மொழிபெயர்த்துவிட்டார். தலைவருக்கு ஏக உற்சாகம். கேமராக்கள் நெருங்கி வந்தன, யாரோ சிரிக்கச் சொன்னார்கள், நானும் சிரித்து வைத்தேன். ஓங்கி ஒரு குத்து. குத்தூசியின் குழியில் வழிந்து வந்தது பூராவும் சாம்பல் பூத்த பொக்கு. உள்ளங்கையில் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி இழுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைவர் கண்ணைத் திறந்து ஏதோ சொன்னார்.

"இதுதான் இந்த மண்ணோட வாசனைன்னு சொல்றார்," என்றார் அதிகாரி.

கை கையாக மிளகு மாறியது. ஒன்பது பேரும் முகர்ந்தார்கள், ஒன்பது பேரும் ஆஹா என்றார்கள். முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இதுதான் நேரமென்று இவரை முன்னால் இழுத்து விட்டேன். "ஐயா, இவர் என் வீட்டுக்காரர். காலையில உங்களைப் பார்க்க நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்." அதிகாரி தயங்கினார், ஆனால் கேமரா இருந்ததால் தலைவர் சிரித்துக்கொண்டே நின்றார். இவர் காலையில் கிளம்பிய அவசரத்தில் உருளைக்கிழங்கை வீட்டிலேயே மறந்திருந்தார். கடை டப்பாவிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து விரலிடுக்கில் வைத்து, "சார், பிரேக்ல இந்த மாதிரி ஒரு பின் இவ்வளவு வெளியில நிக்கணும்," என்று நீட்டினார்.

தலைவர் அந்தக் கிராம்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

இவர் வெறும் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைவர் மென்றுகொண்டே ஃபைலை வாங்கி அதிகாரியிடம் கொடுத்து, இவர் தோளில் தட்டிவிட்டு, முதலாளி கொடுத்த பரிசுப் பொட்டலத்தோடு வண்டி ஏறினார். ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கிராம்பு விஷயத்தில் அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. இன்றைக்கும் இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள், எனக்கு அழுகைதான் வருகிறது.

அறிக்கை வர மாதக்கணக்காயிற்று. கூட்டத்தொடரின் கடைசி நாளில், வேறு எதற்கோ எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது, சபையின் மேஜையில் அதை வைத்தார்கள். மேஜையில் வைத்ததோடு சரி. இவர் போனில் இறக்கி எழுத்தெழுத்தாகப் படித்தார். கொச்சியைப் பற்றி ஒரே ஒரு பத்தி. ஏற்பாடுகளைக் குழு நேரில் பார்த்துத் திருப்தி அடைந்தது, ஊழியர்களோடும் உள்ளூர் மக்களோடும் மனம் திறந்து உரையாடியது. ஊழியர் என்றால் இவர், உள்ளூர் மக்கள் என்றால் நான்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து தடியான உறை வந்தது. உள்ளே இருந்தது இவருடைய ஃபைலின் நகல். குழு அமைச்சகத்துக்கு அனுப்பி, அமைச்சகம் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பி, அந்த அலுவலகம் 'உரிய நடவடிக்கைக்காக' என்று முத்திரை குத்தி, யாரைப் பற்றிப் புகாரோ அவர்களுக்கே அனுப்பியிருந்தது. கம்பெனியின் காகிதங்களை வெளியாருக்குக் கொடுத்தது ஏன் என்று கேட்டிருந்தார்கள். விளக்கம் எழுதினார். பதினைந்தாம் நாள் வேலை போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒருவரை விடாமல் திட்டித் தீர்த்தேன். தலைவரை, அதிகாரியை, அமைச்சரை, தண்ணீர் கிடைக்காத உறுப்பினரை. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை என்றேன். இவர் தன் சாயாவைக் குடித்து முடித்துவிட்டு, "அன்னைக்கு அந்த மூட்டைக்கு மேல நல்ல மிளகு போட்டது யாரு?" என்றார்.

"நான்தான். மொதலாளி சொன்னாரு."

"உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். ஒரு நாள்தானேன்னு..."

இவர் கோபப்படவில்லை. "எனக்குப் பதிலாக் கையெழுத்துப் போட்டானே, அவனும் நல்ல பையன்தான்," என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்.

அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட நான் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் திறக்காததுமாகப் போய், அந்த மூட்டையைக் கொட்டிப் புடைத்துப் பொக்கைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று தேடினேன். முன்கடையிலும் இல்லை, கிடங்கிலும் இல்லை.

"அது எப்பவோ போயி சேச்சி," என்றார் முதலாளி. "கோட்டயத்துக்காரங்க அப்படியே எடுத்துட்டுப் போனாங்க."

"குத்திப் பார்க்காமலா?"

முதலாளி சுவரைக் காட்டினார். தலைவர் அந்த மூட்டையைக் குத்துகிற படத்தை அவர் எப்போதோ பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்; நான்தான் அதை நிமிர்ந்து பார்க்காமலே இருந்தேன். "அதைக் காட்டினேன். இவ்வளவு பெரிய ஆளு குத்திப் பார்த்தாச்சு, நாங்க வேற எதுக்குக் குத்தணும்னு கேட்டாங்க."

படத்தில் தலைவருக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பது நான்தான்.