பர்னர் கண்ணில் பூசிய சந்தனம்

கேஸ் பர்னருக்கு ஒரு கண் உண்டு. விரல் நுனி அளவு கண்ணாடி. உள்ளே தீ எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். தீ தெரியாவிட்டால் உடனே கேஸை அடைத்துவிடும். பர்னர் மெக்கானிக்காக நான் போகிற ஒவ்வொரு ஆலையிலும் இதைத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். யார் காதில் ஏறியது?

காவாந்தண்டலம் பக்கம் ஓர் அரிசி ஆலை. அவித்த நெல்லைச் சூடான காற்றில் உலர்த்தும் டிரையர் அங்கே கேஸில் ஓடுகிறது. பர்னர் நின்று நின்று போவதாகப் புலம்பிக்கொண்டிருந்த ஆபரேட்டர், ஒருநாள் போனில் குஷியாகப் பேசினார்.

"நானே சரி பண்ட்டேண்ணா. இப்ப நிக்கறதே இல்ல. தீதான் மஞ்சளா கீது, வந்து செட் பண்ணிக் குடு."

நிற்பதே இல்லை என்றதும் போட்டது போட்டபடி கிளம்பினேன்.

போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை, பூசை நேரம். டிரையருக்கு மாலை போட்டு, முதலாளி கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார். கற்பூரம் அணையக்கூடாதென்று காற்றடிக்கும் ப்ளோயரை நிறுத்தியிருந்தார்கள். டிரையருக்கு அடியில் இருக்கும் குழிக்குள், பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து வேலைக்கு வரும் ஓர் அம்மா சிந்திய நெல்லை அள்ளிக்கொண்டிருந்தார். ஊறல் நெல்லின் புளித்த வாடை மூக்கை அடைத்தது. அதை மீறி வேறு எந்த வாடையும் தெரியவில்லை.

பர்னரின் கண்ணைக் காட்டச் சொன்னேன். ஆபரேட்டர் பயபக்தியோடு கழற்றிக் காட்டினார். கண்ணாடி முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். மெஷினுக்கு உயிரே அதுதான் என்று வாராவாரம் தனி மரியாதை நடந்திருக்கிறது.

"இப்படி மூடிக் கிடந்தா பர்னர் ஓடாதேய்யா. எப்படி ஓட்டுற?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு சிவப்பு ஒயரைக் காட்டினார். "வால்வுக்கு டைரக்டா லைன் குட்த்துட்டேன்."

அடப்பாவி! கண் குருடு, வால்வு எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. ப்ளோயர் நின்றதும் தீ அணைந்திருக்கிறது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. அது கனமானது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில்தான் இறங்கும். பள்ளத்தில் அந்த அம்மா. வால்வில் காதை வைத்தேன், சீறிக்கொண்டிருந்தது. முதலாளி தீப்பெட்டியைத் திறந்தார்.

"கொளுத்தாதீங்க!" என்று பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கினேன். தட்டு சரிந்து, கற்பூரமெல்லாம் என் செருப்புக் காலடியில் சிதறியது.

"சாமி தட்ட மெரிக்கிறியே, நீயெல்லாம் மனுசனா?" முதலாளி கையை ஓங்கினார். அடித்தால் அடிக்கட்டும் என்று ஓடிப்போய் மெயின் வால்வை மூடினேன். திரும்பி வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்து மேலே இழுத்தேன். வெளியே உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

"தல கிர்ருன்னு சுத்துதுண்ணா. ஏதோ நாத்தம் வருதுன்னா, சொம்மா சாக்கு சொல்லாதன்றாங்க."

கதவுகளைத் திறந்துபோட்டு, கேஸெல்லாம் கலையும்வரை ஒருவரையும் உள்ளே விடவில்லை. அப்புறம் ஒயரைப் பிய்த்தெறிந்தேன். கண்ணைத் துடைத்து மாட்டினேன். காற்று வரும் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, கேஸைக் குறைத்து, தீ நீலமாக நிற்கும்வரை அங்கேயே இருந்தேன். முதலாளி அந்தப் பக்கமே வரவில்லை.

"இன்னாண்ணா, ஒரு பொட்டுக்கா இவ்ளோ பேஜாரு?" என்றார் ஆபரேட்டர். பளாரென்று ஒன்று விடலாமா என்று கை துறுதுறுத்தது.

அதன்பிறகு அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. சில வாரம் கழித்து, இன்னொரு வெள்ளிக்கிழமை, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஆலை எப்படி ஓடுகிறது என்று விசாரித்தேன்.

"நீ மெரிச்சதுக்குப் பரிகாரம்னு சந்தனத்த இன்னும் பெருசா வெச்சிட்டாங்கண்ணா. ஒயரும் மாட்டிட்டாங்க. நான் குழில எறங்க மாட்டேன்னுட்டேன், வேலைய உட்டு நிறுத்திட்டாங்க."

"போனா போவட்டும்மா. உசுரு தப்பிச்சுதே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு பதிலு எம்மவ எறங்குறாண்ணா."

பூசை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். கேட்டில் வாட்ச்மேன் என்னை மறித்தார். உள்ளே ப்ளோயர் சத்தம் நின்றது. அந்த அம்மா எங்களைத் திரும்பியும் பார்க்காமல் பின்பக்கம் ஓடி, வேலி இடுக்கில் புகுந்து உள்ளே போனார். பூசை மணி அடிக்கத் தொடங்கியது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொளுத்தாதீங்கடா என்று கத்திக்கொண்டே நின்றேன். மணிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. உள்ளே மணி நின்றது. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படி ஆகாமல் போனது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கேஸ் சப்ளை செய்கிறவர்களுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

"இனிமே இவள அனுப்பாதம்மா," என்றேன்.

"அனுப்பலண்ணா. ஆனா நாளைக்கி எங்க தெருவுலேர்ந்து வேற யாராச்சும் வருவாங்க. வேல இல்லாமதான் எல்லாரும் கீறோம்."