காலி வண்டிக்கு ஒரு புள்ளி

தெற்கு டகோட்டாவின் அந்தப் பக்கத்தில் டெல்மர் ஓஸ்ட்ரம் வாய் திறந்து பேசிப் பார்த்தவர்களைவிட, வண்டிக்கு அடியில் படுத்திருக்கப் பார்த்தவர்கள்தான் அதிகம். நோரீனைக் கல்யாணத்துக்குக் கேட்கப் போனபோதுகூட மோதிரம் கொண்டுபோகவில்லை. அவளுடைய பழைய காருக்கு நாலு டயரையும் மாற்றிவிட்டு, "இனிமே சறுக்காது" என்று மட்டும் சொன்னான். அவளுக்குப் புரிந்தது. ஆனால் காலமெல்லாம் தானாகவே புரிந்துகொண்டிருப்பது யாருக்கும் அலுத்துத்தான் போகும்.

அந்த வசந்தத்தில் ஒரு நாள் காப்பி குடிக்கும்போது அவள் சொன்னாள்.

"மொன்டானாவுக்குப் போறேன் டெல், அக்கா வீட்டுக்கு. என் குதிரை ரெண்டையும் கூட்டிட்டுப் போறேன்."

எப்போது திரும்புவாய் என்று கேட்டிருக்கலாம். அந்த மனுஷன் கேட்டது வேறு.

"குதிரை ஏத்துற டிரெய்லரோட பிரேக்கைப் பிடிக்கிற கன்ட்ரோலர் பெட்டி உன் பிக்கப் வண்டியில இல்லையே. மாட்டித் தரட்டுமா?"

டெல்மர் அதை மாட்டுவதைப் பக்கத்துப் பண்ணை லைல் வேலியோரம் வந்து நின்று வேடிக்கை பார்த்தான்.

"பொண்டாட்டி விட்டுட்டுப் போறதுக்கு வண்டிய ரெடி பண்ணிக் குடுக்குற ஒரே ஆளு நீதான்யா."

"பின்னால குதிரை நிக்கும் லைல். பிரேக் வெடுக்குன்னு பிடிச்சா அதுங்க விழுந்துரும்."

"குதிரை கிடக்கட்டும். போகாதேன்னு சொல்லித் தொலையேன்."

டெல்மர் நீல ஒயரின் முனையைச் சீவிக்கொண்டிருந்தான். சொல்ல அவனுக்கும் ஆசைதான். தொண்டை வரை வந்ததை ஒயரோடு சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டான்.

பெட்டியை எங்கே பொருத்துவது என்று பார்க்க, அவள் முன்னால் தள்ளிவைத்திருந்த சீட்டை நகர்த்தாமல், நெஞ்சு ஸ்டியரிங்கில் முட்ட மடங்கி உட்கார்ந்தான். அவள் முழங்கால் இடிக்காத, அவள் கை எட்டுகிற இடமாகப் பார்த்து மாட்டினான்.

பிறகு குதிரைகளை டிரெய்லரில் ஏற்றி, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மண் பாதையில் ஓட்டினான். பெட்டியின் சின்ன நெம்புகோலைத் தள்ளித் தள்ளி, டிரெய்லர் சக்கரம் இறுகாமல் மெல்லப் பிடிக்கும்வரை, பிரேக்கின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகினான். குமிழ் நின்ற இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்தான். கொஞ்சம் கீழே இன்னொன்று.

"மேல இருக்குறது குதிரையோட போறப்போ. கீழ இருக்குறது காலியா திரும்பி வர்றப்போ. வெறும் வண்டிக்கு இவ்ளோ பிரேக் வெச்சா சக்கரம் சுத்தாம இறுகி, வண்டிய இழுத்துட்டுப் போயிரும்."

நோரீன் குமிழைப் பார்த்தாள். பிறகு, ஈரம் காயாத கீழ்ப்புள்ளியைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

"ஒண்ணு போதும் டெல்."

"ம்" என்றான் டெல்மர். அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள், அவன் ஏதாவது சொல்வான் என்று. அவன் பெயின்ட் டப்பாவை மூடினான்.

அந்தப் பக்கத்தில் மாட்டுப் பண்ணையின் கேட்டை, வண்டி ஓட்டுகிறவர் திறப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் இறங்கித் திறப்பார், வண்டி வெளியே போய் நிற்கும், அவர் சங்கிலி மாட்டிவிட்டு வந்து ஏறிக்கொள்வார். இத்தனை வருஷமும் ஓட்டியவன் டெல்மர், மழையிலும் பனியிலும் இறங்கி ஏறியவள் நோரீன். அன்று அவள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். அவன் நடந்துபோய்த் திறந்துவிட்டான்.

வண்டி கேட்டைத் தாண்டியது. அவன் அந்த வழக்கப்படியே கேட்டுக்கு வெளியே, சாலைப் பக்கம் நின்று சங்கிலியை மாட்டினான். திரும்பிப் பார்த்தால் வண்டி சற்றுத் தள்ளி நின்றிருந்தது, பிரேக் விளக்கு சிவப்பாக எரிய. குதிரைகள் அசையக்கூட இல்லை, அவ்வளவு மெல்லப் பிடித்திருந்தது பிரேக்.

அவளும் அந்த வழக்கப்படிதான் நிறுத்தியிருந்தாள், அவன் வந்து ஏறிக்கொள்வான் என்று.

அவன் ஓர் அடி வைத்தான். "நோரீன்" என்றான். இஞ்சின் சத்தத்தில் அது அவனுக்கே கேட்கவில்லை.

விளக்கு அணைந்தது. வண்டி நகர்ந்தது. வீட்டுக்குப் போக அவன் மாட்டிய சங்கிலியை அவனே மறுபடி கழற்ற வேண்டியிருந்தது.